மலையுச்சியில் மீன்பிடித்த கிறீஸ் அண்ணை

டென்மார்க்கின் எஸ்பியர்க் நகரத்துத் தமிழர்களைப்போலக் கிரேக்க நாட்டைப் பற்றித் தெரிந்தவர்கள் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. கிரேக்கர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எங்களுக்குத் தெரிந்ததில் பாதி அவர்களுக்கே தெரியாது. ஏனென்றால் அந்தப் பாதி அங்கே நடக்கவேயில்லை. இவ்வளவும் ஒரேயொரு மனிதரின் உழைப்பு. கிரேக்கத்துக்கு எங்கள் வாயில் கிறீஸ் என்று பெயர்; கிறீஸ் அண்ணை என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிட்டோம். சொந்தப் பெயர் அவருடைய கடவுச்சீட்டுக்கும் நகரசபைக்கும் மட்டும் தெரிந்த இரகசியம்.

அந்தப் பட்டப்பெயரால் வந்த குழப்பங்கள் கொஞ்சமில்லை. காற்றாலை வேலைக்கென்று சென்னையிலிருந்து வந்த ஓர் இளம் என்ஜினியர் ஒருநாள் தன் சைக்கிளை உருட்டிக்கொண்டு அவர் வீட்டு வாசலில் போய் நின்றார். அப்போது நானும் அங்கே இருந்தேன்.

"சார், செயின் ரொம்ப கத்துது. உங்ககிட்ட கிரீஸ் இருக்குன்னு சொன்னாங்க."

"முழுக் கிறீஸும் இருக்கு தம்பி. உள்ளுக்கை வாரும். எந்தப் பக்கத்திலை இருந்து துவங்குவம்?"

இரண்டரை மணித்தியாலம் கழித்து அந்தப் பிள்ளை வெளியே வந்தது. டெல்பிக் கோயிலில் குறி சொன்ன பெண் எந்தப் புகையைக் குடித்துவிட்டு எந்த முக்காலியில் இருந்தாள் என்பதெல்லாம் அதற்குத் தெரிந்துவிட்டது. சைக்கிள் கத்திக்கொண்டே வீட்டுக்குப் போனது.

நானும் கிறீஸ் அண்ணையும் துறைமுகத்தில் ஒரு மீன் தொழிற்சாலையில் பதினொரு வருடம் பக்கத்துப் பக்கத்து மேசையில் நின்று மீன் வெட்டினோம். அவர் யாழ்ப்பாணத்து வடமராட்சிக் கடற்கரைக்காரர். எண்பதுகளில் ஒரு கிரேக்கச் சரக்குக் கப்பலில் பதினாலு மாதம் வேலை செய்துவிட்டு, பிறகு எப்படியோ டென்மார்க் வந்து சேர்ந்தவர். காலை இடைவேளைக்குக் கையுறையைக் கழற்றினால் கதை தொடங்கும். அதில் முதலிடம் மெதெயோரா மடங்களுக்கு.

"வானத்தை முட்டிற கல்லுகள் தம்பி. ஒவ்வொரு கல்லுக்கும் மேலை ஒரு மடம். சாமிமார் மேலையிருந்து வலையை இறக்குவினம். கீழை கடல். இழுத்தால் துடிக்கத் துடிக்க மீன். என்ரை சிநேகிதன் தனாசி கூட்டிக்கொண்டு போனவன். அவன்ரை வீட்டிலை ஒரு ராத்திரி நிண்டனான். பின்னேரம் நாலு மணிக்குக் கல்லின்ரை நிழல் வந்து அவன்ரை தாயின்ரை அடுப்படியிலை விழும். காலமை ஒரு சாமி என்னையும் கூப்பிட்டு, 'வந்து ஒருக்கா வலையை இழு' எண்டார்."

"என்ன மீன் அண்ணை பிடிபட்டது?" என்று யாராவது கேட்பார்கள். அதற்கு மட்டும் பதில் மாறும். அந்தக் கிழமை தொழிற்சாலையில் நாங்கள் எந்த மீனை வெட்டுகிறோமோ, அதே மீன்தான் கிரேக்கத்திலும் பிடிபட்டிருக்கும்.

டென்மார்க்கில் எதைக் கண்டாலும் அவருக்குக் கிரேக்கத்தில் அதைவிடப் பெரியது இருந்தது. இங்கே மலை என்று சொல்வதை அங்கே படிக்கட்டு என்பார்களாம். இங்கே அடிக்கிற காற்றுக்கு அங்கே பெயரே வைக்கமாட்டார்களாம். ஆனால் ஒரு விசித்திரம். அந்த நாட்டின் ஒரு படத்தைக்கூட அவர் பார்க்கமாட்டார். போனில் யாராவது காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். தொலைக்காட்சியில் கிரேக்கம் வந்தால் நிறுத்திவிடுவார்.

"போய்ப் பாத்த இடத்தைப் படத்திலை பாக்கக்கூடாது. பாத்தது அழிஞ்சுபோம்" என்பார். நாங்களும் அது ஏதோ கப்பல்காரர்களின் நம்பிக்கை என்று விட்டுவிட்டோம்.

அவருடைய மனைவி காலமான பிறகு வீட்டில் அவர் தனி. ஒரே மகள் சுபா ஒடென்சேயில் பிசியோதெரபிஸ்ட். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை. தகப்பன் தமிழில் கேட்பார், அவள் டேனிஷில் பதில் சொல்வாள். இருவருக்கும் அதில் ஒரு குறையும் இருந்ததில்லை. பத்து வயதில் அவள் பள்ளிக்கூடத்தில், மலையுச்சியிலிருந்து சாமிமார் மீன் பிடிக்கிற படத்தை வரைந்து வகுப்புக்கு விளக்கினாள். ஆசிரியை அந்தப் படத்தைச் சுவரில் ஒட்டிவைத்தார். அந்தச் சுவரைப் பார்ப்பதற்காகவே கிறீஸ் அண்ணை பெற்றோர் கூட்டத்துக்கு மூன்றுதரம் போனார். கூட்டம் ஒரு நாள்தான் நடந்தது.

அவர் ஓய்வு பெற்ற வருடம் சுபா ஓர் உறையை நீட்டினாள். உள்ளே ஏதென்ஸுக்கு விமான ரிக்கெற். அங்கிருந்து அவர்கள் இருவருக்கும் மட்டும் ஒரு கார், ஒரு சாரதி, இரண்டு பகல், ஓர் இரவு. முதல் நாள் டெல்பி இடிபாடுகள், பிறகு மெதெயோரா.

நாற்பது வருடம் கிரேக்கத்தைப் பற்றியே கதைத்த மனிதர் சந்தோசத்தில் மயங்கி விழுவார் என்றுதான் நினைத்தேன். அவர் உறையை மேசையில் வைத்துவிட்டு யன்னலைப் பார்த்தார். அடுத்த நாளிலிருந்து நோய்கள் தொடங்கின. முதலில் முழங்கால். முழங்காலை மகள் அமுக்கிப் பார்த்து, நன்றாயிருக்கிறது என்றாள். பிறகு கடவுச்சீட்டுப் படத்தில் இருப்பவர் தன்னைப்போல் இல்லை என்றார். பிறகு பல்கனியில் தக்காளி காய்க்கத் தொடங்கிவிட்டது, தண்ணீர் விட ஆளில்லை என்றார். கடைசியில், "நான் பாத்ததுதானே பிள்ளை. புதிசா என்ன கிடக்கு?" என்றார்.

"எனக்குக் காட்டுங்கள் அப்பா" என்றாள் அவள், டேனிஷில்.

அதற்கு அவரிடம் நோய் இருக்கவில்லை. அன்றைக்குப் பின்னேரம் எனக்குப் போன் எடுத்தார்.

"தம்பி, காரிலை ஒரு இடம் கிடக்கு. நீரும் வாரும்."

"நான் ஏன் அண்ணை, தகப்பனும் மகளும் போற இடத்துக்கு?"

"வாரும் எண்டால் வாருமன். தனிய அவளோடை போகப் பயமாக் கிடக்கு."

சொந்த மகளோடு போக என்ன பயம் என்று நான் கேட்கவில்லை. லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன்.

ஏதென்ஸில் எங்களுக்கு வாய்த்த சாரதியின் பெயர் யோர்கோ. நாற்பது வயதிருக்கும், மென்மையான மனிதர், ஆங்கிலம் நன்றாகப் பேசினார். கிறீஸ் அண்ணை அவருடைய கையைப் பிடித்து ஒரு நிமிடம் கிரேக்க மொழியில் உரை நிகழ்த்தினார். எனக்கு மெய்சிலிர்த்தது. யோர்கோ மரியாதையாகத் தலையாட்டிக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பி மெதுவாக ஆங்கிலத்தில் கேட்டார்:

"ஐயா முன்பு சமையலறையில் வேலை செய்தவரா? உருளைக்கிழங்கு, வெங்காயம், உப்புப் போதாது, கெதியாய் வெட்டு என்கிறார்."

அத்தோடு நிற்கவில்லை. காரில் ஏறியதிலிருந்து அண்ணை முகமன் சொல்வதாக நினைத்து, "கிரீகொரா, கிரீகொரா" என்று சிரித்த முகத்தோடு சொல்லிக்கொண்டேயிருந்தார். கெதியாய், விரைவாய் என்று அதற்குப் பொருள். பாவம் யோர்கோ, விருந்தாளி கேட்கிறாரே என்று காரைப் பறக்கவிட்டார். டெல்பிக்குப் போகிற மலைவளைவுகளில் சுபா முன் இருக்கையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அப்பா என்னதான் சொல்கிறார் என்று யாராவது யோர்கோவிடம் கேளுங்கள் என்றாள்.

டெல்பியில் நான் ஒரு பெரிய பிரசங்கத்தை எதிர்பார்த்தேன். மலைச்சரிவில் உடைந்த தூண்கள், கீழே பள்ளத்தாக்கு நிறைய ஒலிவ மரங்கள், வெயிலில் காய்ந்த கல்லின் வாசனை. பிரசங்கத்தை யோர்கோதான் செய்தார். முக்காலிப் பெண்ணைப் பற்றி யோர்கோ சொன்னதெல்லாம் எஸ்பியர்க்கில் குழந்தைப்பிள்ளைக்கும் தெரிந்த விசயம். அண்ணை அதையே முதன்முதலாகக் கேட்கிறவர்போலக் கேட்டுக்கொண்டு நின்றார்.

"கேள்வி கேட்க வந்தவர்கள் முதலில் கீழேயுள்ள ஊற்றில் கழுவிக்கொண்டுதான் மேலே வரவேண்டும்" என்றார் யோர்கோ.

திரும்பி வரும்போது தெருவோரம் அந்த ஊற்றுத் தண்ணீர் ஒரு குழாயில் விழுந்துகொண்டிருந்தது. மற்ற உல்லாசப் பயணிகள் போத்தலில் பிடித்தார்கள். கிறீஸ் அண்ணை சப்பாத்தைக் கழற்றினார், காலைக் கழுவினார், முகத்தைக் கழுவினார், கடைசியில் தலையையே குழாய்க்குக் கீழே கொடுத்தார். ஒரு ஜேர்மன்காரி படம் எடுத்தாள். நனைந்த தலையோடு அவர் என்னிடம் வந்தார்.

"பிழை விட்ட ஆக்களும் வந்து கேக்கலாமோ எண்டு அவரைக் கேளும்."

நான் கேட்டேன். "அவர்கள்தான் கூடுதலாக வந்தார்கள்" என்றார் யோர்கோ.

அங்கிருந்து மெதெயோராவுக்கு நாலு மணித்தியால ஓட்டம். சமவெளி, பருத்தி வயல், பிறகும் சமவெளி. டென்மார்க்கைப்போலவே இருந்தது. வெயில் சாயத் தொடங்கியபோது, அந்தத் தட்டை நிலத்தின் முடிவில் கற்கள் எழுந்தன. அதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. யாரோ பூமிக்குள்ளிருந்து விரல்களை நீட்டியதுபோல இருந்தது. அந்த விரல் நுனிகளில் சிவப்பு ஓட்டுக் கூரைகள். அண்ணை சொன்னது அத்தனையும் உண்மை. இந்த மனிதரைப் பார்த்து எத்தனைதரம் சிரித்திருக்கிறோம்.

யோர்கோ எங்களை ஒரு பாறைத் திட்டில் இறக்கிவிட்டார். ஆறு மடங்களும் சுற்றிவரத் தெரிந்தன. கிறீஸ் அண்ணை விளிம்புக்குக் கிட்டப் போய்க் கீழே பார்த்தார். கையை நெற்றிக்குக் கொடுத்து வலப்பக்கம் பார்த்தார். இடப்பக்கம் பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"கடல் எங்கை?"

யோர்கோவுக்கு நான் மொழிபெயர்த்தேன். கடல் இங்கிருந்து வெகுதூரம், காரில் இரண்டு மணித்தியாலமாவது போகவேண்டும் என்றார் அவர்.

"அப்ப வலை?"

வலை இருந்தது உண்மைதான், படிக்கட்டு வெட்டுவதற்கு முன் ஆட்களையும் சாமான்களையும் வலையில் வைத்துத்தான் மேலே இழுத்தார்கள் என்று யோர்கோ விளக்கினார். நான் தமிழில் சொல்லி முடித்தேன். அண்ணை அந்தப் பாறையிலேயே குந்தி இருந்துவிட்டார்.

"நான் இஞ்சை வரேல்லைப் பிள்ளை" என்றார் மகளைப் பார்த்து. "ஒருநாளும் வரேல்லை."

நாற்பது வருடக் கதை அரை நிமிடத்தில் இறங்கியது. தனாசி கப்பலின் சமையற்காரன். அண்ணை அவனுக்கு உருளைக்கிழங்கு சீவிய உதவியாள். கப்பலில் தமிழ் கதைக்க வேறு ஆளில்லை. சமையலறைச் சொற்களுக்கு மேல் கிரேக்கம் இவருக்குத் தெரியாது. ஐம்பது சொல் ஆங்கிலத்திலும் கைச்சைகையிலும் தனாசி தன் ஊரைப் பதினாலு மாதம் இவருக்குச் சொன்னான். கல், மடம், சாமி, வலை, இழுக்கிறது. வலை என்றால் கடற்கரைப் பிள்ளைக்கு வேறென்ன தோன்றும். கடலை இவரே கொண்டுவந்து கீழே வைத்துவிட்டார்.

"கப்பல் பிரேயஸ் துறைமுகத்திலை கட்டினவுடனை நான் சொல்லாமல் இறங்கீட்டன். ஒரு அறையிலை என்னைப்போலை ஒம்பது பேர். வெளியிலை போனால் பொலிஸ் பிடிக்கும். தனாசி தேடிக்கொண்டு வந்தவன். 'ரெண்டு நாள் லீவு கிடக்கு, ஊருக்கு வா, ஒரு ராத்திரி நிண்டிட்டு வருவம், அம்மாவுக்குச் சொல்லிப்போட்டன்' எண்டான். அடுத்தநாள் காலமை ஏழு மணிக்கு பஸ் ஸ்ராண்டுக்கு வரச் சொன்னவன். அண்டைக்குப் பின்னேரமே எல்லை கடத்திற ஏஜென்சிக்காரன் வந்திட்டான். லொறி நிக்குது, ஏறுறதெண்டால் இப்ப ஏறு எண்டான். நான் ஏறீட்டன்."

அவர் நனைந்து காய்ந்த தலைமயிரைக் கோதினார்.

"அவனுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை. அவன் அங்கை நிண்டிருப்பான். எவ்வளவு நேரம் நிண்டானோ தெரியாது. கனகாலம் அதை நினைச்சு நித்திரை இல்லை. பிறகு ஒருநாள், நான் போனனான் எண்டு சும்மா ஒராளுக்குச் சொல்லிப் பாத்தன். சுகமாயிருந்தது. அப்பிடியே போய்க்கொண்டிருந்திட்டன்."

சுபா அவருக்குப் பக்கத்தில் வந்து குந்தினாள். அவர் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை.

"உனக்குக் கோவம் வரேல்லையே?"

அவள் டேனிஷில் சொன்னதை நான் இங்கே தமிழில் எழுதுகிறேன். "எனக்குப் பதினாலு வயதிலேயே தெரியும் அப்பா. பள்ளிக்கூடத்தில் உலக வரைபடம் இருக்கிறதே, அந்த இடத்தில் கடல் இல்லை."

"பின்னை ஏன் இவ்வளவு பாடுபட்டு என்னைக் கூட்டிக்கொண்டு வந்தனி?"

"நீங்கள் ஒருமுறையாவது போயிருக்க வேண்டும் என்று நினைத்தேன்."

யோர்கோ எங்கள் மொழி விளங்காவிட்டாலும் நிலைமை விளங்கியவராகக் காருக்குப் போய் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார். வெயில் ஒவ்வொரு கல்லாக விட்டுப் போனது. நான் என்ன செய்வதென்று தெரியாமல் அண்ணையின் சப்பாத்துக் கயிற்றைக் கட்டிவிட்டேன். அது அவிழ்ந்திருக்கவில்லை.

அடுத்தநாள் காலை ஒரு மடத்துக்கு ஏறினோம். படிகள் நூற்றுக்கு மேல். முழங்கால் நோவென்று முதலில் சொன்னவர் எங்களுக்கு முன்னால் போனார். மேலே ஒரு கோபுரத்தில் பழைய மர உருளையும் கயிறும், அதில் தொங்கிய வலையும் இருந்தன. கிறீஸ் அண்ணை வலைக்கண்ணை விரலால் அளந்து பார்த்தார். பரம்பரைப் பழக்கம்.

"பெரிய கண். இதிலை மீன் நிக்காது" என்றார். பிறகு, "ஆக்களுக்குப் போதும்."

தனாசியின் ஊர் கற்களின் காலடியிலேயே இருந்தது. சின்னக் கிராமம். அண்ணைக்கு அவனுடைய முழுப்பெயர் தெரியாது. அதனாலென்ன என்று யோர்கோ அங்கேயிருந்த கோப்பிக்கடைக்குள் போய், தனாசி இருக்கிறாரா என்று உரத்துக் கேட்டார். மூன்று பேர் எழும்பினார்கள். ஒருவர் முடிவெட்டுகிறவர், ஒருவர் தபால்காரர். இருவரும் கப்பலுக்குப் போகக்கூடிய வயதில் அந்தக் காலத்தில் இருந்திருக்கமாட்டார்கள். மூன்றாமவர் பெரிய மீசை வைத்த கிழவர், ஆடு வளர்க்கிறவர், வாழ்நாளில் கப்பல் ஏறாதவர். கப்பலில் சமைத்த தனாசி ஒருவன் இருந்தானே என்று கடை முழுக்க வாதம் நடந்தது. வீட்டை விற்றுவிட்டு மகளோடு கனடாவுக்குப் போனான் என்றார் ஒருவர். இல்லை, அவன் செத்துப்போனான் என்றார் இன்னொருவர். செத்தது அவனுடைய தம்பி என்றார் மற்றவர். முடிவாக ஒன்றும் தெரியவில்லை.

கிறீஸ் அண்ணை போய் அந்த மீசைக் கிழவருக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"சிக்னோமி" என்றார்.

மன்னிக்கவேண்டும் என்பதற்கு அவர்களின் சொல். கப்பலில் ஒவ்வொரு தட்டு உடைக்கும்போதும் சொல்லிப் பழகியதாம். உச்சரிப்பில் ஒரு பிழையும் இல்லை என்று யோர்கோ பிறகு சொன்னார். கிழவர் திகைத்து யோர்கோவைப் பார்த்தார். நான் முதல்நாள் இரவு சொல்லிவைத்திருந்த பஸ்ஸையும் லொறியையும் ஏழு மணியையும் யோர்கோ அவருக்கு விளக்கிச் சொன்னார். கடையில் சீட்டு விளையாடியவர்கள் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டார்கள்.

கிழவர் மீசையைத் தடவிக்கொண்டு நீளமாக ஏதோ சொன்னார். யோர்கோ மொழிபெயர்த்தார்.

"அந்தத் தனாசி எங்கே என்று எனக்குத் தெரியாது. ஆனால் இந்த ஊரில் தனாசி என்று பேர் வைத்த ஒருவனும், பஸ்ஸுக்கு வராதவனை நாற்பது வருடம் கோபிக்கமாட்டான். ஆடுகளுக்கே நேரம் சரியாயிருக்கிறது. அவரைச் சாப்பிடச் சொல்."

சாப்பாடு வந்தது. கிறீஸ் அண்ணை தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். பாதியில் நிமிர்ந்து, உப்புப் போதாது என்று கிரேக்கத்தில் சொன்னார். கடை முழுக்கச் சிரித்தது. கிழவர் அவருடைய முதுகில் ஒன்று வைத்தார். நாங்கள் புறப்படும்போது அண்ணை தெருவின் நடுவில் நின்று சுற்றிவர ஒவ்வொரு வீடாகப் பார்த்தார். எது அந்த வீடு என்று தேடினார் என்றுதான் நினைக்கிறேன். யோர்கோ கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். இந்தமுறை ஒருவரும் கிரீகொரா சொல்லவில்லை.

எஸ்பியர்க்குக்குத் திரும்பி வந்து இரண்டு கிழமைக்குள், தமிழ்ப் பாடசாலை மண்டபத்தில் தேத்தண்ணி குடிக்கும்போது, அண்ணை எல்லோருக்கும் முன்னால் உண்மையைச் சொன்னார். சபை அதை நன்றாக எடுத்துக்கொள்ளவில்லை. "இவ்வளவு காலமும் நம்பினாங்கள் அண்ணை, இனி வந்து கடல் இல்லை எண்டால்?" என்று ஒருவர் கோபித்துக்கொண்டார். அண்ணை அவரிடமும் சிக்னோமி சொன்னார். ஆனால் அவர் கிறீஸ் அண்ணை அல்லவா. ஆறு மாதத்தில் கோப்பிக்கடையில் எழும்பிய தனாசிகள் ஏழு பேராகிவிட்டார்கள். மீசை முழங்கை நீளமாயிற்று. நான் கூடவே இருந்தவன் என்பதை அவர் பொருட்படுத்தவில்லை. "தம்பியைக் கேளுங்கோ, அவரும் பாத்தவர்" என்றார். நானும் ஓம் என்றேன்.

போன வருடம் சுபாவுக்குக் குழந்தை பிறந்தது. அண்ணை இங்கேயிருந்த வீட்டைக் காலிசெய்துவிட்டு ஒடென்சேக்குப் போய்விட்டார். பிள்ளையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு டிராம் பாதையோரம் நடப்பதாகவும், தான் தமிழில் கதைக்கக் கதைக்கப் பிள்ளை வாயைப் பார்த்துக்கொண்டிருப்பதாகவும் போனில் சொல்வார். இங்கே தொழிற்சாலையில் இடைவேளைக்கு எல்லோரும் போனைப் பார்க்கிறோம். பத்து நிமிடம் பத்து நிமிடமாகவே முடிந்துவிடுகிறது. காற்று அடிக்கிற நாட்களில் அவருடைய மேசைப் பக்கம் திரும்பி, கிரேக்கத்தில் இதற்கு என்ன சொல்வார்கள் என்று கேட்க வாயெடுத்து நிறுத்தியிருக்கிறேன்.

போன ஞாயிறு அவரே எடுத்தார். "தம்பி, வாறன் வாறன் எண்டு எத்தினை மாசமாச் சொல்லுறீர். உண்மையா வாறீரோ?"

"வாறன் அண்ணை. ரிக்கெற் எடுத்திட்டன்."

அப்போது எடுத்திருக்கவில்லை. போனை வைத்தவுடன் எடுத்தேன். ரயிலில் ஒன்றரை மணித்தியாலம்தான். ஆனால் வெள்ளிக்கிழமையே போய்த் திங்கட்கிழமை திரும்புவதாக வேலைத்தலத்தில் சொல்லியிருக்கிறேன். ஒரு பின்னேரத்தில் கேட்டு முடிக்கக்கூடிய மனிதர் இல்லை அவர்.